ஆட்சி கவிழ்ந்தாலும் மாறாத படிவம்

2022 ஜூலை 14 அன்று, மக்கள் கிளர்ச்சியால் நாட்டைவிட்டு ஓடிய இலங்கை அதிபர் கோத்தபய ராஜபக்ச மாலத்தீவிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கினார். அன்றே அவருடைய பதவி விலகல் கடிதம் மின்னஞ்சல் வழியாகக் கொழும்பில் சபாநாயகருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் தனிப்பட்ட பயணமாக வந்திருக்கிறார், அடைக்கலம் கேட்கவுமில்லை, கொடுக்கப்படவுமில்லை என்றது சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சு. ஆகஸ்ட் 11 வரை இங்கேதான் இருந்தார். அந்த நாள்களில் தேக்கா காப்பிக்கடை மேசைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இரண்டு கருத்துகள் மோதிக்கொண்டே இருந்தன. மக்கள் திரண்டால் எந்த அநியாயமும் நிற்காது என்பது ஒன்று. இங்கே அரசாங்கம் ஒழுங்காக நடக்கிறது, திரள வேண்டிய தேவை யாருக்கும் இல்லை என்பது மற்றொன்று. இரண்டையும் சொன்னவர்கள் உளமாரத்தான் சொன்னார்கள். ஆனால் ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள்ளும் உடற்கூறு அடங்காமல் பிறக்கும் ஊடுபால் குழந்தை ஒன்றை நினைத்துக்கொண்டு கேட்டால், இரண்டு கருத்துமே அந்தக் குழந்தையைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது தெரியும். எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

முதலில் கிளர்ச்சியின் பக்கமுள்ள நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அரசு தோற்றுப்போகும்போது அடி வாங்கும் முதல் வரிசையில் ஊடுபால் குழந்தைகள் சிலர் இருக்கிறார்கள். பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி, மருத்துவர்கள் சுருக்கமாக சி.ஏ.எச். என்பார்கள், ஏறத்தாழ 14,000 முதல் 18,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் வருவது. சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியால், உடல் நெருக்கடியைத் தாங்கத் தேவையான கார்ட்டிசால் ஹார்மோனைச் செய்ய முடியாது. அதன் கடுமையான வகையில் உடல் உப்பையும் தக்கவைத்துக்கொள்ளாது. எக்ஸ்எக்ஸ் குரோமோசோம் உள்ள குழந்தையின் பிறப்புறுப்பு ஆணுடையதுபோலத் தடித்திருக்கும் என்பதால் பார்த்தவுடன் சந்தேகம் வரும். எக்ஸ்ஒய் குழந்தையிடம் வெளியே எந்த அடையாளமும் இருக்காது, அதனால் அங்கே ஆபத்து கூடுதல். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாந்தி, பால் குடிக்க மறுத்தல், எடை இறங்குதல் என்று தொடங்கும். ரத்தத்தில் சோடியம் இறங்கி பொட்டாசியம் ஏறும். வெறும் வயிற்றுக் கோளாறு என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டால் சில நாள்களில் உயிர் போகலாம்.

இதற்கு மருந்து இருக்கிறது, பெரிய விலையுள்ள மருந்தும் கிடையாது. உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நாளொன்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன், மூன்று வேளையாகப் பிரித்து. உப்பைப் பிடித்துவைக்க ஃப்ளூட்ரோகார்ட்டிசோன். முதல் வருடத்தில் பாலோடு அளந்து கொடுக்கும் உப்பு. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் ஊசி போட வேண்டும். வாழ்நாள் முழுக்க இப்படித்தான். இலங்கை தன் மருந்துகளில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது கையில் டாலர் இல்லை. மருந்தில்லாமல் பேராதனை போன்ற பெரிய மருத்துவமனைகளே திட்டமிட்ட அறுவை சிகிச்சைகளை ஒத்திப்போட்டன. தினமும் மூன்று வேளை மாத்திரை இல்லாவிட்டால் உயிர் தங்காத ஒரு பிள்ளையின் தாய்க்கு, கொழும்பில் போராட்டம் நடந்த காலிமுகத் திடலுக்குப் போக எல்லா உரிமையும் இருந்தது.

ஜூலை 9 அன்று அதிபர் மாளிகைக்குள் கூட்டம் புகுந்தது. அதற்கு முந்தைய மாதம் கொழும்புப் போராட்டத் திடலில் வானவில் கொடிகளோடு ஓர் ஊர்வலமும் நடந்திருந்தது. ஊடுபால் மனிதர்களின் பெயரும் அந்தக் கொடிக்குள் அடக்கம். ரணில் விக்கிரமசிங்க அதிபராக வந்தார், ஜூலை 22 விடியுமுன் படைகள் திடலைக் காலி செய்தன, 2024 செப்டம்பரில் அநுரகுமார திசாநாயக்க அதிபரானார், நவம்பரில் அவருடைய கூட்டணி 225இல் 159 இடங்களைப் பிடித்தது. இதைவிடப் பெரிய அரசியல் புரட்டல் அந்தத் தீவில் நடந்ததில்லை. இத்தனைக்கும் பிறகு ஊடுபால் குழந்தையின் உடலில் பெற்றோர் கையெழுத்தோடு கத்தி வைப்பதைத் தடுக்கும் ஒரு வரி அங்கே சட்டமாகவில்லை. நேபாளம் இன்னும் தெளிவான உதாரணம். 2006 ஏப்ரலில் 19 நாள் மக்கள் எழுச்சி மன்னரின் நேரடி ஆட்சியை முடித்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பாலினச் சிறுபான்மையினருக்கு உரிமை வழங்கும் தீர்ப்பைத் தந்தது. 2015 அரசியல் சாசனத்திலும் அவர்கள் இடம்பெற்றார்கள். 2025 செப்டம்பரில் இளைஞர்கள் எழுந்து இன்னொரு பிரதமரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் பிரசவ அறைக்குள் சட்டம் எட்டிப் பார்க்கவில்லை.

பிரசவ அறை

திடலில் நிற்கும் கூட்டத்துக்கு எதிரி யாரென்று தெரியும். ஊடுபால் குழந்தைக்கு நடக்கும் கொடுமையைச் செய்பவர் அப்படிப்பட்ட எதிரியாக எதிரே வருவதில்லை. நல்லதென்று நம்பி அறுவை அரங்குக்குப் போகும் மருத்துவர், பயந்துபோன அப்பா, “ஆணா பெண்ணா, ஊருக்கு என்ன சொல்ல?” என்று கேட்கும் பாட்டி, எல்லோரும் பிள்ளைமேல் பாசம் உள்ளவர்கள்தான்.

பிறப்புறுப்பைச் சீக்கிரம் ஒரு பக்கமாகத் திருத்திவிட்டு, பிள்ளையிடம் எதையும் சொல்லாமல் வளர்த்தால் போதும் என்ற கொள்கை 1950களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் உளவியலாளர் ஜான் மணியின் குழுவிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. அது எங்கே தவறுகிறது என்பது இன்று பாடப்புத்தக அளவுக்குத் தெரிந்த விஷயம். கிளிட்டோரிசைச் சிறிதாக்கினால் நரம்பு அறுந்து உணர்ச்சி போகலாம். பச்சைக் குழந்தையில் உருவாக்கிய யோனிப் பாதை வளரும்போது சுருங்கும், அதைத் திறந்து வைக்கப் பெற்றோரே கருவியால் விரிக்க வேண்டிவரும், பூப்பெய்தும் வயதில் மறுபடி அறுவை. சிறுநீர்த் துளை இடம்மாறிய ஆண்குறியைத் தைத்தால் சிலருக்குத் தையல் வழியாகவே சிறுநீர் கசியும், பாதை இறுகும், திரும்பத் திரும்ப மேசைக்குப் போக வேண்டும். விரைச்சுரப்பியை எடுத்துவிட்டால் உடல் தானாகச் செய்துகொண்டிருந்த ஹார்மோனை ஆயுளுக்கும் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு மெலியும். டெஸ்டோஸ்டிரோனை வலுவான வடிவமாக மாற்றும் நொதி குறைந்த 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாட்டோடு பிறந்து பெண்ணாக வளர்க்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், பருவ வயதில் குரல் உடைந்து தசை திரண்ட பின் ஆணாக வாழத் தொடங்குவதை ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டு வயதில் எல்லாவற்றையும் வெட்டி முடித்திருந்தால் அந்த இளைஞருக்கு என்ன மிச்சம் இருக்கும்?

அவசர அறுவைகளும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சிறுநீர் வெளியேற வழியில்லாவிட்டால், சிறுநீர்ப்பை வயிற்றுக்கு வெளியே திறந்திருந்தால், தாமதிக்க முடியாது. புற்று அபாயம் என்ற ஒரே சொல்லை வைத்து எல்லாவற்றையும் அகற்றச் சொல்வதுதான் ஏமாற்று. ஆண்ட்ரோஜென் எனப்படும் ஆண் ஹார்மோன்களுக்கு உடல் முற்றிலும் பதிலளிக்காத நிலையில், சுரப்பியில் கட்டி வரும் வாய்ப்பு பருவத்துக்கு முன் மிகக் குறைவு. பிள்ளை வளர்ந்து தானே முடிவு செய்யும்வரை கண்காணித்தபடி காத்திருக்கலாம். வயிற்றுக்குள்ளேயே சரியாக உருவாகாமல் ஒய் குரோமோசோமோடு இருக்கும் சுரப்பிக்கு அபாயம் பல மடங்கு அதிகம், அங்கே முன்கூட்டி எடுப்பதில் நியாயம் உண்டு. எந்த நிலை என்று பெயர் சொல்லாமல் “எடுத்துவிடுவது நல்லது” என்று சொல்லும் மருத்துவரிடம் கையெழுத்துப் போடக் கூடாது.

தூத்துக்குடியில் மறுக்கப்பட்ட ஒரு பதிவு

2018 அக்டோபர் 31 அன்று தூத்துக்குடி சங்கரராமேஸ்வரர் கோயிலில் ஒரு திருமணம் நடந்தது. மணமகள் திருநங்கை. பதிவாளர் அந்தத் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தார். இதற்காக எந்தத் தெருவிலும் மறியல் இல்லை. கணவனும் மனைவியும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்து நான்காவது நாள் அது. நாடே யார் ஆட்சிக்கு வருவார் என்று எண்ணிக்கொண்டிருந்த வேளை.

இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்பதில் திருநங்கையும், தன்னைப் பெண்ணாக உணரும் ஊடுபால் மனிதரும் அடங்குவர் என்றது தீர்ப்பு. அத்தோடு விட்டிருந்தாலே வழக்கு முடிந்திருக்கும். நீதிபதி அங்கே நிற்கவில்லை. ஊடுபால் குழந்தைகளுக்குச் செய்யப்படும் பால் திருத்த அறுவையை எடுத்துக்கொண்டார். மதுரையைச் சேர்ந்த ஊடுபால் செயற்பாட்டாளர் கோபி சங்கர் ஆண்டுக்கணக்கில் பேசிவந்த பிரச்சினை அது. பெற்றோரின் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பு சொன்னது, இந்த அறுவைகளைத் தடைசெய்து ஆணை வெளியிட அரசுக்கு உத்தரவிட்டது. அந்த ஆகஸ்ட் 13 அன்று தமிழ்நாடு சுகாதாரத் துறை அரசாணை 355ஐ வெளியிட்டது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்ற எதற்காகவும் ஊடுபால் குழந்தைக்குப் பால் திருத்த அறுவை கூடாது. ஆபத்து உண்டா இல்லையா என்பதை ஒற்றை மருத்துவர் முடிவு செய்ய முடியாது, அறுவை நிபுணர், ஹார்மோன் நிபுணர், உளவியல் அல்லது சமூகப் பணியாளர் அல்லது ஊடுபால் செயற்பாட்டாளர், அரசுப் பிரதிநிதி கொண்ட குழு பார்க்க வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை இந்த விஷயம் திரும்பிய இடம் இதுதான். பதிவாளர் அலுவலகத்தில் மறுக்கப்பட்ட ஒரு கையெழுத்திலிருந்து பத்து மாதத்துக்குள் ஒரு மாநிலத்தின் பிரசவ அறைகள் அனைத்துக்குமான விதி பிறந்தது. 2021இல் வாக்குச்சீட்டு ஆட்சியை மாற்றியது, ஆணை அப்படியே நின்றது. குறைகளும் இருக்கின்றன. அது சட்டமன்றம் இயற்றிய சட்டம் கிடையாது, இன்னோர் ஆணையால் மாற்றிவிடலாம். “உயிருக்கு ஆபத்து” என்ற சொல்லைத் தாராளமாகப் படிக்கும் மருத்துவமனையைப் பிடிப்பது கடினம். மாநில எல்லையைத் தாண்டினால் செல்லாது. ஆனாலும் மால்டா 2015இல் உலகில் முதன்முதலாகக் கொண்டுவந்த தடைக்குப் பின், ஆசியாவில் இதைச் செய்து காட்டியது நம் மொழி பேசும் மாநிலம். அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை என்பது எனக்கு வலிக்கிறது.

கென்யா இதே பாதையை இன்னும் நீளமாக நடந்தது. பிறப்புச் சான்றிதழ் மறுக்கப்பட்ட ஓர் ஊடுபால் குழந்தைக்காக 2014இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் ஆய்வுக் குழு. 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊடுபால் மனிதர்கள் தனியாக எண்ணப்பட்டு 1,524 பேர் என்று பதிவானது. 2022இல் குழந்தைகள் சட்டத்தில் அவர்களுக்குப் பாதுகாப்பு. 2024 ஜூனில் வரி மசோதாவை எதிர்த்து இளைஞர்கள் நைரோபி நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, அதிபர் மறுநாளே மசோதாவைத் திரும்பப் பெற்றபோது, அந்தப் பாதுகாப்பு ஏற்கெனவே ஏட்டில் ஏறியிருந்தது. கூட்டத்தின் வேகம் ஒன்று, ஏட்டின் வேகம் ஒன்று. முதலாவதைக் கண்டு பரவசப்படும் நாம் இரண்டாவதை மதிக்கப் பழகவில்லை.

எந்தத் திடலாலும் கவிழ்க்க முடியாத அதிகாரமும் உண்டு. 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டைப் பெண் சாந்தி சௌந்திரராஜனிடமிருந்து பதக்கத்தைப் பறித்தது எந்த அரசும் கிடையாது, விளையாட்டு அமைப்பு. பிறகு அவர் செங்கல் சூளையில் வேலை செய்ததும், நெடுங்காலம் கழித்தே நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்ததும் நமக்குத் தெரிந்ததுதான். 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவுக்கு, வழக்கமாக ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்ஆர்ஒய் மரபணு உண்டா என்று பார்க்கும் சோதனையைக் கட்டாயமாக்கிவிட்டது. இதே சோதனையை 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களிடம் செய்தார்கள். எட்டுப் பேருக்கு ‘உண்டு’ என்று வந்தது, ஏழு பேருக்கு ஆண்ட்ரோஜென்னுக்கு உடல் பதிலளிக்காத நிலை இருந்தது, எட்டுப் பேருமே போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். மரபணு இருப்பதற்கும் அது உடலில் வேலை செய்வதற்கும் உள்ள தூரம் அன்றே தெரிந்திருந்தது. அதன்பின் கைவிடப்பட்ட சோதனையைத்தான் இப்போது மீட்டிருக்கிறார்கள்.

சிங்கப்பூரில்

இங்கே மருந்து கிடைக்கும். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தச் சோதனையில் சி.ஏ.எச்.சும் சேர்க்கப்பட்டிருக்கிறது. தோற்றுப்போன அரசில் உயிரிழக்கக்கூடிய பிள்ளை இங்கே பிழைக்கும், அது பெரிய விஷயம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ்நாட்டில் 2019இல் வந்ததுபோன்ற தடை சிங்கப்பூரில் இல்லை. பெற்றோர் கையெழுத்தே போதும். 42 நாள்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும், அந்தப் பதிவில் ஏறும் பால் குறிப்பு 15 வயதில் அடையாள அட்டைக்குப் போகும், ஆண் என்றிருந்தால் பதினாறரை வயதில் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையின் பதிவுக் கடிதமாக வீட்டுக்கு வரும், திருமணத்தின்போது மாதர் சாசனம் என்ற திருமணச் சட்டத்தின்கீழ் முதல் ஆதாரமாக நிற்கும். அட்டையில் அந்தக் குறிப்பை மாற்ற, உறுப்பு மாற்று அறுவை முடிந்ததற்கான மருத்துவச் சான்று கேட்பது நடைமுறை. கேட்காத வயதில் ஒருவருக்கு அறுவை, வளர்ந்த பின் தன் உடலை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு குறிப்பைத் திருத்த விரும்புகிறவருக்கும் அறுவை என்றால், இதை எப்படி நியாயம் என்பது? ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு நீக்கப்பட்டது 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் நிறைவேறியது. வயது, இனம், சமயம், உடற்குறை என்று அது பெயர் சொல்லிப் பாதுகாக்கும் பட்டியலில் பிறவியிலேயே வரும் உடற்பால் பண்புகள் இடம்பெறவில்லை. பொதுக்கூட்டங்கள் நடக்கும் ஹோங் லிம் பூங்காவில் எத்தனை பேர் கூடினாலும், யாராவது உட்கார்ந்து அந்த ஒரு வரியை எழுதினால்தான் அது வரும். எழுதுவதற்கு நல்ல அதிகாரிகளும் நல்ல மருத்துவர்களும் இங்கே இருக்கிறார்கள் என்பதால்தான் எனக்கு ஆதங்கம் கூடுகிறது.

அதுவரை, பிரசவ அறையில் “கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது” என்ற சொல்லைக் கேட்கும் தமிழ்க் குடும்பம் செய்யக்கூடியவை இவை. முதலில் உயிர். சோடியம், பொட்டாசியம், சி.ஏ.எச். இருந்தால் ஏறும் 17-ஓஎச்பி என்ற ஹார்மோன் ஆகிய மூன்றின் ரத்த முடிவையும் கேளுங்கள். 17-ஓஎச்பி பிறந்தவுடன் எல்லாக் குழந்தைக்கும் உயர்ந்தே இருக்கும், ஆகவே முதல் நாள் கழிந்து எடுத்ததைத்தான் நம்ப வேண்டும். வயிற்று ஸ்கேனில் கருப்பை இருக்கிறதா என்பது அன்றே தெரியும், குரோமோசோம் முடிவுக்குப் பல நாள் ஆகும். அவசரமில்லாத எந்த அறுவைக்கும் அந்த முடிவுகள் வருமுன் தேதி வாங்காதீர்கள். தமிழ் முஸ்லிம் குடும்பமானால் சுன்னத்தைத் தள்ளிவையுங்கள். பின்னால் சிறுநீர்த் துளையைச் சீராக்க வேண்டிவந்தால் அந்த முன்தோல்தான் தேவைப்படும், வெட்டிப் போட்ட பிறகு கிடைக்காது. முப்பதாம் நாள் பெயர் வைக்கும்போது கதிர், சுடர், தமிழ், மணி என்று இருபாலுக்கும் பொருந்தும் பெயர்கள் நம்மிடம் நிறையவே உண்டு. பால் குறிப்பிட்டுப் பதிவதும் வளர்ப்பதும் ஒன்று, உடலை வெட்டுவது வேறொன்று, ஒன்றைச் செய்வதால் மற்றதைச் செய்தாக வேண்டியதில்லை. சி.ஏ.எச். என்று உறுதியானால் பள்ளிக்கும் பாலர் பள்ளிக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுங்கள்: தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ மயங்கினாலோ காத்திருக்காமல் ஆம்புலன்சுக்கு 995 அழைக்க வேண்டும், ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி எங்கே இருக்கிறது என்பதோடு.

சிறு வயதில் அறுவை நடந்து, ஏன் என்று யாரும் சொல்லாமல் வளர்ந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் தங்கள் பதிவின் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். சுருக்க அறிக்கை மட்டும் போதாது, அறுவைக் குறிப்பையும் அகற்றிய திசுவின் நோயியல் அறிக்கையையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். எடுக்கப்பட்டது சூலகமா விரையா என்பது அதில்தான் இருக்கும், எலும்புக்கும் ஹார்மோனுக்கும் இன்று பார்க்கும் மருத்துவருக்கு அது தேவை. உங்கள் பெயரில் எதுவும் கிடைக்கவில்லை என்றால் அம்மாவின் பெயரிலும் தேடச் சொல்லுங்கள். பெயர் வைப்பதற்கு முன் நடந்த அறுவைகள் பெரும்பாலும் ‘இன்னாரின் குழந்தை’ என்றே பதிவாகியிருக்கும்.